உண்ணி இறங்கினால்

றெஜினா கைப்பையிலிருந்து ஒரு டிஸ்யூவை எடுத்து என் கடை மேசையில் வைத்து, பீடத்துத் துணியை விரிப்பதுபோல மூலை மூலையாக விரித்தாள். உள்ளே கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள். இரண்டு இன்னும் நடந்துகொண்டிருந்தன. நான் ஒன்றை விரலால் அழுத்தி இழுத்தேன். டிஸ்யூவில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"உது பாம்பின்ர இரத்தமோ அண்ணை, என்ர பிள்ளையின்ர இரத்தமோ?"

"பாம்பின்ரதான்" என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்காரன் தெரியாது என்று சொன்னால், வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடும்.

என் கடை ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதியோரத்துப் பிளாசா ஒன்றில் இருக்கிறது. ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் வரிக்கணக்குச் செய்கிற இடம், நடுவில் நான். மீன், லவ் பேட்ஸ், முயல், பல்லி, பாம்பு, பாம்பு தின்ன உறைந்த எலி என்று எல்லாம் வைத்திருக்கிறேன். எங்கள் சனம் தங்கமீனுக்கும் விலை பேசும். "உது கொஞ்சம் நோஞ்சானாக் கிடக்கு, குறைச்சுத் தாங்கோ" என்று அந்த மீனின் முகத்துக்கு நேரே சொல்லும். எனக்கு அதில் வருத்தமில்லை. சாவகச்சேரிச் சந்தையில் ஆடு வாங்கி விற்றவரின் மகன் நான். விலை பேசாமல் பணம் தருகிற ஆளைக் கண்டால் நோட்டைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

அப்பா ஆடு வாங்கும்போது முதலில் பல்லைப் பார்க்கமாட்டார், காதைப் பிரட்டி உண்ணியைப் பார்ப்பார். உண்ணி பிடித்திருந்தால் விலையை இறக்குவார். உண்ணி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவார். உடம்பு ஆறப்போகிறது என்பது உரியவனுக்கு முன்னம் உண்ணிக்குத் தெரிந்துவிடும். அது வேறு சூட்டைத் தேடி இறங்கிவிடும். இதை நான் றெஜினாவுக்குச் சொல்லவில்லை. பிராணி வைத்திருக்கிற வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன.

பாம்பு அவளுடைய மகன் மாக்கஸினுடையது. போல் பைத்தன் என்கிற இனம், மலைப்பாம்பின் சாதுவான தம்பி. பயந்தால் கடிக்காது, பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். மாக்கஸ் வாங்கி வந்தபோது அது தட்டில் பிழிந்து வைத்த மாதிரிச் சுருண்டு கிடந்ததாம். இடியப்பம் என்று பெயர் வைத்துவிட்டான். வோபர்னில் இருக்கிற அந்த வீட்டில் "இடியப்பம் சாப்பிட்டிட்டுதோ?" என்று ஆராவது கேட்டால், பதில் சொல்ல முதல் யோசிக்கவேண்டும்.

ஒக்ரோபரில் மாக்கஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாதா கோயில் சனத்திடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்திமூன்று வயதுப் பிள்ளை தன் உயிரைத் தானே வேண்டாம் என்று முடிவெடுத்ததைக் காய்ச்சல் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் வாய் திறந்து கதைத்தது பாம்போடு மட்டும்தான்.

"விடிய அதுக்குத் தண்ணி மாத்த வேணும் அண்ணை, லைற் போட வேணும். அதுக்காகத்தான் எழும்புறான்" என்றாள் றெஜினா. குரல் தளம்பவில்லை. பூனைச் சாப்பாடு மலிவாக இருக்கிறதா என்று கேட்கிற குரல். "அது செத்துப் போச்செண்டால் அவன் பிறகு ஏன் எழும்பப் போறான்? அதாலை எனக்கு உந்த உண்ணி போக வேணும். என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

நான் செய்முறையைச் சொன்னேன். பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியைக் கொதிதண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெறும் பெட்டிக்கு மருந்து அடித்து, காயவிட்டு, காற்றாட வைத்து, பிறகுதான் பாம்பை உள்ளே விடவேண்டும். அடியில் கடதாசித் துவாய் மட்டும்.

"பழசு எல்லாத்தையும் எறிஞ்சுபோட வேணும், தங்கச்சி."

"எல்லாம் எண்டால்?"

"அடியிலை போட்ட மரச்சீவல், கட்டை, செடி. உண்ணி குடிக்கிறதுதான் பாம்பிலை. குஞ்சு பொரிக்கிறது கீழை. கறுப்புப் பையிலை கட்டி வெளியிலை வைச்சிடுங்கோ."

"எல்லாம் எண்டால் எல்லாமோ அண்ணை?"

மரச்சீவலுக்கு மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். "புது மரச்சீவல் விலை குறைச்சுத் தாறன்" என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலில் பேரம் முடிந்த நிம்மதி இல்லை. அதை நான் கவனித்தேன், கவனித்துவிட்டுக் கல்லாவை மூடினேன்.

உண்ணி போகவில்லை.

மார்கழியில், நத்தாருக்கு முன்னம் மறுபடி வந்தாள். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறதாம், மூக்கு மட்டும் வெளியே. உண்ணியைத் தண்ணீரில் அமத்தப் பார்க்கிறது. கிண்ணத்தின் அடியில் கறுப்பு மண்டி. மாக்கஸ் பக்கத்தில் கதிரை போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எலியைக் காட்டினால் பாம்பு முகத்தைத் திருப்புகிறது. சாப்பாட்டைக் காட்டினால் மாக்கஸும் முகத்தைத் திருப்புகிறான்.

இன்னும் கடுமையான மருந்து கொடுத்தேன். அதற்கும் போகவில்லை என்று வந்தபோது, உண்ணி தின்கிற உண்ணி என்று ஒரு சாமான் இருக்கிறது, தருவித்துத் தரலாம் என்றேன்.

"அதுக்கும் நாங்கள்தான் சாப்பாடு போட வேணுமோ?" என்றாள். பகிடி விட்டாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோட்டின் கையை மேலே இழுத்துத் தன் மணிக்கட்டைக் காட்டினாள். சிவப்பாகத் தடித்த புள்ளிகள். "மாக்கஸுக்கு கழுத்து முழுக்கக் கிடக்கு. இரவிலை சொறியிற சத்தம் எனக்கு அடுத்த அறைக்குள்ளை கேக்குது."

"நான் சொன்னபடி எல்லாத்தையும் எறிஞ்சனீங்களோ?"

அவள் மீன்தொட்டியைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

அவளுடைய மனிசன் அன்புராசாவுக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. நல்ல மனிசன், ஆனால் வெட்கத்துக்குப் பயந்தவன். புதுவருசப் பூசையில் அவனுடைய வெள்ளைக் கொலரில் ஒரு உண்ணி ஏறி, எல்லோரும் தலை குனிந்திருக்கிற நேரம் பார்த்து, மெதுவாகக் கழுத்தைச் சுற்றி நடந்திருக்கிறது. பின்வரிசை வாங்கிலிருந்த அன்ரனெற் அன்ரி அதைத் தட்டிவிட்டா. தட்டிவிட்டதோடு நின்றிருக்கலாம். கோயில் வாசலில் தேத்தண்ணி ஊற்றுகிற இடத்திலேயே "அன்புராசா வீட்டிலை பாம்புப் பேனாம்" என்று தொடங்கி, சனம் காரில் ஏறும்போது ஸ்காபரோ பாதிக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் றெஜினாவிடம், "இன்னும் ஒண்டு கண்டன் எண்டால் உதைக் கொண்டுபோய்ப் பனிக்குள்ளை விட்டிடுவன்" என்று சொன்னானாம்.

"சொல்லுறவர்தான், செய்யமாட்டார்" என்றாள் அடுத்த கிழமை கடைக்கு வந்த றெஜினா. போகும்போது கடைக் கதவைப் பிடித்தபடி திரும்பினாள். "செய்யமாட்டார் என்ன, அண்ணை?"

தை மாத நடுப்பகுதியில் ஒரு மத்தியானம் அன்புராசா தனியாக வந்தான். வெளியே மூக்குமயிர் விறைக்கிற குளிர். வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. முயலைப் பார்த்தான், கிளியைப் பார்த்தான், மீன்தீனியின் விலையை வாசித்தான். எனக்கு விளங்கிவிட்டது. இவன் வாங்க வரவில்லை, விற்க வந்திருக்கிறான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்க வந்தவன் சாமானை வெளியே எடுக்கமாட்டான். எடுத்தால் அவசரம் தெரிந்துவிடும், அவசரம் தெரிந்தால் விலை விழும். சாமான் மடிக்குள்ளேயோ வண்டிக்குள்ளேயோ இருக்கும். ஊர்க்கதை, மழைக்கதை, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசி முடித்து, விலை ஒத்துவந்த பிறகுதான் "இந்தா கிடக்கு" என்று கொண்டுவருவான். வாங்குகிறவனும் கேட்கமாட்டான். கேட்டால் அவன் தோற்றான். நான் கேத்திலைப் போட்டேன்.

"சீமோன் அண்ணை, ஒரு கதைக்குக் கேக்கிறன். ஒரு பாம்பு, பெட்டியோடை லைற்றோடை ஆரும் தந்தால் எடுப்பீங்களோ?"

"ஆரின்ர பாம்பு?"

"ஒரு தெரிஞ்ச ஆள்."

"தெரிஞ்ச ஆளின்ர பாம்புக்கு உண்ணி கிண்ணி இருக்கோ?"

"கொஞ்சம்."

"உண்ணியிலை கொஞ்சம் எண்டு ஒண்டு இல்லை, அன்பு. அந்தா பார்." மேசைக்குப் பக்கத்து அலுமாரியைக் காட்டினேன். சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில் பாம்புக் குட்டிகள் வரிசையாகச் சுருண்டு கிடந்தன. "போன கிழமைதான் வந்திறங்கினது. உண்ணிப் பாம்பு ஒண்டு உள்ளை வந்துதெண்டால் அவ்வளவும் போச்சு. அந்தத் தெரிஞ்ச ஆள் பாம்பையும் தந்து, மேலாலை எனக்கும் ஏதும் தரவேணும்."

"பாம்பையும் குடுத்துக் காசும் குடுக்கிறதோ? உது எந்த ஊர் நியாயம்?"

"உண்ணியை எண்ணி எண்ணிக் கேக்கேல்லை எண்டு சந்தோசப்படச் சொல்லு அவரை."

அவன் சிரித்தான். நான் தேத்தண்ணியை ஊற்றினேன். குடித்தோம். அவன் விலையைத் தொட்டான், நான் கையை விரித்தேன். அவன் எழும்பினான், நான் தடுக்கவில்லை. அவன் மறுபடி இருந்தான். நல்ல பேரம். ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் அவன் கண்ணாடிக்கு வெளியே நின்ற தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிங் பிரச்சினையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேத்தண்ணி முடிந்தது. அவன் கோப்பையை வைத்தான்.

"அண்ணை, அது எங்கடை பாம்புதான்."

"தெரியும்."

"நான் பேரம் பேச வரேல்லை. உங்களுக்கு ஒண்டு காட்ட வேணும். பயமாக் கிடக்கு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தான். வெள்ளைத் துணி, மூலையில் நீல நூலில் பூ. அதைத் தொட விருப்பமில்லாதவன்போல நகத்தால் அவிழ்த்தான். உள்ளே ஒரு பிடி மண். செம்மண், காய்ந்த பொடி, நடுவில் இரண்டொரு மரச்சீவல் துண்டுகள்.

"வடிவாப் பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டுக் குனிந்தேன். மண் அசைந்தது. காற்று இல்லை, மேசை ஆடவில்லை. மண்ணின் தோல் மட்டும் மெதுவாக, ஏதோ உள்ளே மூச்சு விடுவதுபோல, ஏறி இறங்கியது.

"இது மடு மண்" என்றான் அன்புராசா. "போன வருசம் மன்னாருக்குப் போனபோது றெஜினா மடுக்கோயில் வளவிலை அள்ளிக்கொண்டு வந்தவ. இண்டைக்கு அவையள் டொக்டரிட்டைப் போகேக்கை, மாக்கஸின்ர தலையணை உறையைத் தோய்க்கப் போடுவம் எண்டு கழட்டினன். உள்ளுக்கை இது. தைச்சு வைச்சிருக்கிறா. மாதாவின்ர மண் அசையுதண்ணை! பாம்பிட்டையிருந்து காக்கிற மண் எண்டுதானே நாங்கள் வைச்சிருக்கிறது? பாம்பை வெளியிலை எடு எண்டு மாதா சொல்லுறா. வேற என்ன?"

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. நானும் கோயில்காரன்தான். என் வீட்டிலும் ஒரு போத்தல் மடு மண் இருக்கிறது, விஷப்பாம்பே இல்லாத ஸ்டீல்ஸ் வீதியில். பிள்ளை பாம்போடு படுத்து எழும்புகிறான் என்று றெஜினா அந்த மண்ணைப் பாம்புப் பெட்டியின் அடியில் தூவியிருக்கிறாள். எல்லாவற்றையும் எறி என்று நான் சொன்னபோது மரச்சீவலை எறிந்திருக்கிறாள், மண்ணை எறியவில்லை. மடு மண் குப்பை வண்டியில் போகாது. அதை எந்தக் கத்தோலிக்கத் தாயும் செய்யமாட்டாள். சீவலோடு கலந்து கிடந்ததைக் கையால் பொறுக்கி, முடிச்சாகக் கட்டி, பிள்ளையின் தலையணைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். மண்ணோடு உண்ணியின் முட்டையும் போயிருக்கிறது. மாக்கஸின் தலைச்சூட்டில் அது பொரித்து, தலையணையால் இறங்கி, அவன் மடியில் கிடக்கிற பாம்புக்குத் திரும்பத் திரும்ப ஏறியிருக்கிறது. நான் பெட்டிக்கு மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். அவள் தலையணையில் பண்ணை வைத்திருந்தாள்.

"அன்பு, மாதாவும் ஒண்டும் சொல்லேல்லை, பாம்பிலையும் பிழை இல்லை. இது உண்ணி. இந்த முடிச்சை வெளியிலை குளிருக்கை போட்டு வைச்சாலே காணும், எல்லாம் செத்துப்போம். மண்ணையும் எறியத் தேவையில்லை. தலையணையை மாத்து. பாம்பை நான் சொன்னபடி இன்னொருக்காக் கழுவு. வீட்டை போய் இப்பவே…"

"பாம்பு வீட்டிலை இல்லை."

"எங்கை?"

அவன் கண்ணாடிக்கு வெளியே காரைப் பார்த்தான்.

"டிக்கிக்குள்ளை" என்றான்.

அப்போது என் போன் அடித்தது. றெஜினா. அவள் பேசியது மெதுவாக, பக்கத்தில் தூங்குகிற ஆள் எழும்பிவிடக் கூடாது என்பதுபோல. "அண்ணை, இவர் அங்கை வந்தவரோ? போன் எடுக்கிறார் இல்லை. நாங்கள் டொக்டரிட்டையிருந்து வந்தம். பெட்டி வெறுமை. மாக்கஸ் பார்த்தான். ஒண்டும் கேக்கேல்லை அண்ணை, கத்தவும் இல்லை. மேலை போய்க் கதவைப் பூட்டிப்போட்டான். உள்ளுக்கை ஒரு சத்தமும் இல்லை."

"வாறம்" என்றேன்.

டிக்கியைத் திறந்தான். மீன்கடையில் ஐஸ் உருகாமல் கட்டித் தருகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி. காசு கொடுத்து வாங்காத பெட்டி என்பதால் அதற்குள் வைத்திருந்தான், எதையாவது காப்பாற்றியிருந்தால் அந்தச் சிக்கனம்தான் காப்பாற்றியிருக்கும். உள்ளே தலையணை உறை ஒன்று, உறைக்குள் இடியப்பம். பந்தாக இறுகிக் கிடந்தது. தலை தெரியவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாம்பழத்தின் குளிர். நான் அழுத்திப் பார்த்தேன். அது திருப்பி அழுத்தவில்லை.

என் சுவெட்டரையும் சேட்டையும் தூக்கி, பாம்பை வயிற்றோடு வைத்து, கோட்டைப் பூட்டினேன். இத்தனை வருசமாக வளர்த்த வயிறு அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது. அன்புராசா காரை எடுத்தான். மார்க்கம் வீதியில் ஒவ்வொரு சிவப்பு வெளிச்சமும் எங்களுக்காகவே நின்றது.

"ஹீற்றரைக் கூட்டு."

"கூட்டியாச்சு. உயிர் இருக்கோ அண்ணை?"

"ஓடு."

எலஸ்மெயர் சந்தியைத் தாண்டும்போது என் தொப்புளுக்கு மேலே ஏதோ ஊர்ந்தது. மிக மெல்லிசாக, ஒரு மயிர் அசைவதுபோல. பிறகு விலாப் பக்கத்தில் இன்னொன்று. அப்பா ஆட்டின் காதை விட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த ஆட்டுக்குப் போவது கண்ணில் வந்தது.

"என்னண்ணை?" என்றான் அன்புராசா. "முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"ஒண்டுமில்லை. ஓடு."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது, மூட ஒருவருக்கும் நினைவில்லை. றெஜினா மேல்மாடியில் மாக்கஸின் கதவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. காதைக் கதவில் வைத்திருந்தாள். அன்புராசாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அடி வாங்கலாம்.

அவன் கதவைத் தட்டினான். "மோனை, அப்பா நிக்கிறன். பாம்பைக் கொண்டு வந்திட்டன்."

சத்தமில்லை.

"நான்தான் எடுத்தனான். அம்மாக்குத் தெரியாது. பிழை என்னிலைதான். கதவைத் திற, ராசா."

அன்புராசா தோளால் கதவை இடிக்கிற மாதிரிப் பின்னுக்கு வந்தான். நான் அவனைப் பிடித்தேன். கடையில் எத்தனையோ பேரிடம் தெரியாததைத் தெரியும் என்று விற்றவன், அன்றைக்குத்தான் உள்ளதைச் சொன்னேன்.

"மாக்கஸ், சீமோன் அங்கிள் நிக்கிறன். இடியப்பம் என்ர சேட்டுக்குள்ளை கிடக்கு, விறைச்சுப்போய். எனக்கு இதுக்குமேலை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீதான் சொல்ல வேணும்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு பூட்டுத் திரும்புகிற சத்தம்.

மாக்கஸ் ஒல்லியாக, வெள்ளைப் பெனியனோடு நின்றான். கழுத்தில் சிவப்புத் தடிப்புகள். அவனுக்குப் பின்னால் பெட்டியின் சூட்டு லைற் வெறும் கடதாசித் துவாய் மேல் எரிந்துகொண்டிருந்தது. மேசையில் அவனுடைய போன், பேர்ஸ், மணிக்கூடு, சிலுவைச் செயின் எல்லாம் நேராக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, விட்டுப்போகிற ஆள் வைக்கிற மாதிரி. றெஜினா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்புராசா கடைசியாகப் பார்த்தான், பார்த்ததும் சுவரைப் பிடித்தான்.

மாக்கஸ் எங்களைப் பார்க்கவில்லை. கையை நீட்டினான். "ஹவ் லோங்?" என்றான்.

"கன நேரம்" என்றேன். "தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சுக்கொண்டு இருந்திட்டம்."

"லைற்றுக்குக் கீழை வைக்கேலாது. டூ ஃபாஸ்ற். மெல்ல மெல்லத்தான் சூடு ஏத்த வேணும்." ஆட்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். பாம்பைத் தன் நெஞ்சில் பெனியனின் மேல் வைத்து, போர்வையைச் சுற்றி, கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்தான். பந்து அவிழவில்லை. அவன் குனிந்து அதன்மேல் வாயால் சூடாக ஊதினான்.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஹீற்றர் ஒருதரம் போட்டு நின்றது.

முதலாவது புள்ளி போர்வையின் ஓரத்தில், வெள்ளைப் பெனியனில் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்று நான்கு, வரிசையாக, பாம்பை விட்டு இறங்கி, மாக்கஸின் நெஞ்சில் மேல்நோக்கி, கழுத்துச் சூட்டை நோக்கி நடந்தன.

"போகுதுகள்!" றெஜினா வாயில் கையை வைத்தாள். "மாதாவே, போகுதுகள்! அண்ணை பாருங்கோ, விட்டிட்டுப் போகுதுகள்!"

அன்புராசா என் முகத்தைப் பார்த்தான். "ஏன் அண்ணை? நல்லதுதானே?"

மாக்கஸும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ நாள் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். "அங்கிள்" என்றான், "செத்ததிலை நிக்காது என்ன?"

"நிக்காது" என்றேன்.

றெஜினாவின் கை வாயிலிருந்து இறங்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த முகம் வேறாகிவிட்டது. இவ்வளவு காலமாகப் போ போ என்று கொதிதண்ணீரும் மருந்தும் செபமுமாக விரட்டியதை, அவள் இப்போது முழங்காலில் இருந்து பார்த்தாள். நாங்கள் நாலு பேரும் ஒரு பெனியனைப் பார்த்தோம். வெள்ளையில் கறுப்பு, ஒவ்வொன்றாக. ஒன்று கழுத்து எலும்பு வரை போய் நின்றது. இன்னொன்று பாதி வழியில் நின்றது. மாக்கஸ் அசையவில்லை. ஊதினான், நிறுத்தினான், மறுபடி ஊதினான். சாளரத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

பாதி வழியில் நின்ற உண்ணி திரும்பியது.

ஒரு சுற்றுச் சுற்றியது, மோந்து பார்க்கிற நாய்போல. பிறகு வந்த வழியே இறங்கியது. போர்வையின் மடிப்பைத் தாண்டி, பாம்பின் முதல் வளைவில் ஏறியது. செதிலிலிருந்து செதிலுக்குத் தடுக்கித் தடுக்கி நடந்தது. எங்கேயோ ஒரு செதிலின் விளிம்பில் நின்று, தலையை உள்ளே கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, இறுகியது.

"கடிக்குது" என்றான் மாக்கஸ். அவன் குரல் உடைந்தது. "அப்பா, கடிக்குது. உள்ளை சூடு இருக்கு."

அன்புராசா கட்டிலடியில் குந்தினான். அவன் கண்ணீரோடு, இத்தனை மாதப் பழக்கத்தில், தன்னையறியாமல் பெருவிரலை நீட்டி அந்தப் புள்ளியை நசுக்கப் போனான்.

றெஜினா அவன் கையைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

"விடுங்கோ" என்றாள். "அது இருக்கட்டும்."

பிறகு கனநேரம் கழித்து, பந்தின் நடுவில் ஒரு வளைவு அரைவிரல் அளவுக்கு நகர்ந்தது. நகர்ந்ததா, மாக்கஸின் மூச்சில் ஏறி இறங்கியதா என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். மாக்கஸ் நகர்ந்தது என்றான். அன்புராசா எழும்பி, மேசையில் வரிசையாக இருந்த சாமான்களைக் கலைத்து, மணிக்கூட்டை எடுத்து மகனின் கையில் தானே கட்டினான். மாக்கஸ் கையை இழுக்கவில்லை.

றெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். அப்போதுதான் அன்புராசா அவளுக்குத் தலையணைக் கதையைச் சொல்லி முடித்திருந்தான். அவள் வெட்கப்பட்டாள், கோபப்பட்டாள், பிறகு நன்றி சொல்லவேண்டிய இடத்துக்கு நன்றி சொல்ல நினைத்தாள்.

"மண் எங்கை அண்ணை?"

நான் கோட்டுப் பையைத் தடவினேன். அன்புராசா தன் பையைத் தடவினான். எங்களிருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. கடை மேசை, ஹீற்றருக்குப் பக்கத்தில். முடிச்சு அவிழ்ந்தபடி. ஒரு எட்டில் அலுமாரி. அலுமாரியில் பாம்புக் குட்டிகள், சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில், வரிசையாக, சூடாக.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். என் தொப்புளுக்கு மேலே இன்னும் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.